போர் நடக்கும்போது ஒரு நாட்டை விளையாட்டிலிருந்து வெளியேற்றுவது யார், எப்படி?

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. பிப்ரவரி 28 அன்று ரஷ்யா உலகக் கால்பந்திலிருந்து வெளியேற்றப்பட்டது. நான்கே நாள். ஆனால் காஸாவில் போர் நடந்துகொண்டிருந்தபோதும் இஸ்ரேல் அணி 2026 உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில் தொடர்ந்து ஆடியது. 2003-இல் ஈராக்குக்குள் புகுந்த அமெரிக்காவை எந்த விளையாட்டு அமைப்பும் கேள்வி கேட்கவில்லை. 'அவனுக்கு ஒரு நியாயம், இவனுக்கு ஒரு நியாயமா?' என்று கேட்பவர்கள் சரியாகத்தான் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்குப் பதில் தேடுபவர்கள் பெரும்பாலும் ஒலிம்பிக் சாசனத்தையோ ஐ.நா. தீர்மானங்களையோ புரட்டிப் பார்க்கிறார்கள். அங்கே பாதிப் பதில்தான் கிடைக்கும். மீதிப் பாதி மைதானத்தில் இருக்கிறது. எதிரே நிற்க வேண்டிய அணி 'நான் ஆட மாட்டேன்' என்று சொல்கிறதா? அப்படிச் சொன்னால் போட்டியை நடத்த முடியுமா? வரலாற்றில் நடந்த பெரும்பாலான விளையாட்டுத் தடைகள் இந்த இடத்தில்தான் முடிவாகியிருக்கின்றன.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். செய்திகளில் 'புறக்கணிப்பு', 'தடை' என்று மாறி மாறி எழுதுகிறார்கள். இவற்றைச் செய்பவர்கள் வேறு வேறு ஆட்கள். ஒரு நாடு தானாகவே போட்டிக்குப் போகாமல் இருப்பது புறக்கணிப்பு. உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி போன்ற அமைப்புகள் ஒரு நாட்டை வெளியே நிறுத்துவது தடை. போட்டியை நடத்தும் நாட்டின் அரசு, வருகிறவர்களுக்கு விசா கொடுக்காமல் விடுவது மூன்றாவது வகை. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலே உத்தரவு போடுவது நான்காவது. இது மிக மிக அரிது.

இதில் முதல் வகைதான் அதிகம் பேசப்படுவது, பெரும்பாலும் பலனில்லாமல் போவதும் அதுவே. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் ஒரு மாதக் கெடு வைத்தார். படைகள் திரும்பாவிட்டால் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு அமெரிக்கா வராது என்றார். படைகள் திரும்பவில்லை, அமெரிக்காவும் போகவில்லை. சுமார் 65 நாடுகள் வரவில்லை. வேறு காரணங்களால் வராதவையும் அவற்றில் உண்டு. 80 நாடுகளோடு ஒலிம்பிக் நடந்து முடிந்தது. சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானை விட்டுக் கிளம்பியது 1989 பிப்ரவரியில். இடையில் 1984 வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கைச் சோவியத் யூனியனும் அதன் நேச நாடுகளும் பதிலுக்குப் புறக்கணித்தன. அதாலும் எதுவும் மாறவில்லை.

1980-இல் பிரிட்டனில் நடந்தது சுவையானது. பிரதமர் மார்கரெட் தாட்சர் போகக் கூடாது என்று அழுத்தம் கொடுத்தார். பிரிட்டிஷ் ஒலிம்பிக் சங்கமோ 'போவோம்' என்று முடிவெடுத்து அணியை அனுப்பியது. ஓட்டப் பந்தய வீரர்களான செபாஸ்டியன் கோவும் ஸ்டீவ் ஓவெட்டும் ஆளுக்கொரு தங்கத்தோடு திரும்பினார்கள். ஜனநாயக நாட்டில் விளையாட்டுச் சங்கம் அரசின் துறை கிடையாது என்பதை அன்று பலர் முதன்முறையாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

நம் பக்கமும் ஒரு கதை உண்டு. இந்தியா மாஸ்கோ போனது. வி. பாஸ்கரன் தலைமையிலான ஹாக்கி அணி இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று வென்று தங்கம் வாங்கியது. பாகிஸ்தான், மேற்கு ஜெர்மனி, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய பெரிய அணிகள் அங்கே இல்லை. தங்கத்தைக் குறைத்துச் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை; எதிரே வந்தவர்களைத்தானே வெல்ல முடியும்? ஆனால் யாரோ இருவர் சண்டையில் வராமல் போனவர்களின் காலியிடம் பதக்கப் பட்டியலையே மாற்றி எழுதிவிடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. அதே ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கித் தங்கத்தை வென்றது, காலியிடத்தை நிரப்பக் கடைசி நேரத்தில் அழைக்கப்பட்டு அவசரமாகத் திரட்டப்பட்ட ஜிம்பாப்வே அணி.

மூன்றாவது வகை, அதாவது விசா மறுப்பு, பெரும்பாலும் மறுத்தவரையே திருப்பி அடிக்கிறது. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பின், டெல்லியில் நடந்த துப்பாக்கி சுடுதல் உலகக் கோப்பைக்கு வரவிருந்த பாகிஸ்தான் வீரர்கள் இருவருக்கு இந்தியா விசா தரவில்லை. அவர்கள் கலந்துகொள்ள இருந்த பிரிவுக்கான ஒலிம்பிக் தகுதி இடங்களை ஒலிம்பிக் கமிட்டி எடுத்துவிட்டது. இந்தியாவில் இனி போட்டிகள் நடத்துவது பற்றிய பேச்சையும் நிறுத்தியது. இனி யாரையும் தடுக்க மாட்டோம் என்று அரசு எழுத்தில் உறுதி கொடுத்த பிறகே அது தளர்ந்தது. இந்தோனேசியாவுக்கு இரண்டு முறை இப்படி ஆனது. 2023-இல் இஸ்ரேல் அணி வருவதற்கு எதிர்ப்புக் கிளம்பியதால், 20 வயதுக்குட்பட்டோர் கால்பந்து உலகக் கோப்பையை நடத்தும் உரிமையையே ஃபிஃபா பறித்து அர்ஜென்டினாவுக்குக் கொடுத்தது. 2025 அக்டோபரில் ஜகார்த்தாவில் நடந்த ஜிம்னாஸ்டிக்ஸ் உலகப் போட்டிக்கு இஸ்ரேலியர்களுக்கு விசா மறுக்கப்பட்டதும், இந்தோனேசியாவோடு ஒலிம்பிக் நடத்துவது குறித்துப் பேசுவதை ஒலிம்பிக் கமிட்டி நிறுத்திக்கொண்டது. விளையாட்டு அமைப்புகள் இதில் கறாராக இருப்பதற்குக் காரணம் கொள்கை மட்டுமில்லை. யார் வரலாம் என்பதை நடத்துகிற நாடே தீர்மானித்தால், அப்புறம் அமைப்பு எதற்கு?

பாதுகாப்பு கவுன்சில் உத்தரவுக்கு ஒரு கதை போதும். 1992 மே 30 அன்று, போஸ்னியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, யூகோஸ்லாவியா மீது ஐ.நா. விதித்த 757-ஆம் தீர்மானத்தில் வணிகத் தடையோடு விளையாட்டுத் தடையும் இருந்தது. யூரோ 92 கால்பந்துப் போட்டி தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. தகுதிச்சுற்றில் யூகோஸ்லாவியாவுக்கு அடுத்த இடத்தில் இருந்த டென்மார்க்கை அவசரமாகக் கூப்பிட்டார்கள். அந்த டென்மார்க் இறுதிப் போட்டியில் ஜெர்மனியை 2-0 என்று வீழ்த்திக் கோப்பையையே தூக்கிக்கொண்டு போனது. இப்படி ஓர் உத்தரவு வர ஐந்து நிரந்தர உறுப்பினர்களில் ஒருவர்கூட வீட்டோ போடக் கூடாது. அதனால் ரஷ்யா மீதோ அமெரிக்காவின் நட்பு நாடுகள் மீதோ இந்த வழியில் தடை வராது. எனவே உண்மையான சண்டை எல்லாம் இரண்டாவது வகையில்தான் நடக்கிறது.

2022-இன் அந்த நான்கு நாட்களைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மார்ச் 24 அன்று மாஸ்கோவில் ரஷ்யாவும் போலந்தும் பிளேஆஃப், அதாவது உலகக் கோப்பைக்கான கடைசிக் கட்டத் தகுதிப் போட்டி, ஆட வேண்டியிருந்தது. அதில் ரஷ்யா வென்றால் ஸ்வீடனோ செக் குடியரசோ எதிரே வரும். போர் தொடங்கிய அன்றே மூன்று நாடுகளும் 'ரஷ்யாவுக்கு வந்து ஆட மாட்டோம்' என்றன. இரண்டு நாள் கழித்து, எங்கே வைத்தாலும் ஆட மாட்டோம் என்று போலந்து சொல்லிவிட்டது. ராபர்ட் லெவன்டோவ்ஸ்கி போன்ற நட்சத்திர வீரர்களே முன்னால் நின்றார்கள்.

பிப்ரவரி 27 அன்று ஃபிஃபா என்ன செய்தது தெரியுமா? தடை போடவில்லை. பொதுவான மைதானத்தில், கொடியும் தேசிய கீதமும் இல்லாமல், நாட்டின் பெயருக்குப் பதிலாகக் கால்பந்துச் சங்கத்தின் பெயரில் ரஷ்யா ஆடலாம் என்று ஒரு சமரசம் சொன்னது. போலந்து அதை ஏற்கவில்லை. மறுநாள் ஒலிம்பிக் கமிட்டியும் ரஷ்யர்களை அழைக்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அன்று மாலைக்குள் ஃபிஃபாவும் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஃபாவும் ரஷ்யாவை நிறுத்திவைத்தன. ரஷ்யா விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குப் போனது, தோற்றது. தீர்ப்பின் அடிப்படை, போரில் யார் பக்கம் நியாயம் என்பதாக இருக்கவில்லை. இந்தச் சூழலில் போட்டிகளைப் பாதுகாப்பாகவும் ஒழுங்காகவும் நடத்த முடியாது என்பதே அதன் சாரம். முதல் நாள் சமரசம் பேசிய ஃபிஃபாவை மறுநாள் தடை போட வைத்தது போலந்தின் 'முடியாது' என்ற ஒற்றைச் சொல்தான் என்று நான் நினைக்கிறேன்.

யூரோவிஷன் பாட்டுப் போட்டியிலும் அதே வாரத்தில் அதே கதை. போர் தொடங்கிய அன்று, ரஷ்யா கலந்துகொள்ளலாம் என்று ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் சொன்னது. பின்லாந்து, எஸ்டோனியா போன்ற நாடுகளின் ஒலிபரப்பாளர்கள் 'அப்படியென்றால் நாங்கள் வரவில்லை' என்றதும், மறுநாளே ரஷ்யா நீக்கப்பட்டது.

இப்போது இஸ்ரேல் விஷயத்துக்கு வருவோம். 2025 இலையுதிர் காலத்தில் தகுதிச்சுற்றில் இஸ்ரேலை எதிர்கொண்ட நார்வேயும் இத்தாலியும் கடும் எதிர்ப்புக்கு நடுவிலும் ஆடின. நார்வே டிக்கெட் வருமானத்தை மனிதாபிமான உதவிக்குக் கொடுத்தது. ஆனால் மைதானத்தில் இறங்கியது. இறங்காவிட்டால் புள்ளிகள் எதிரணிக்குப் போய்விடும். போலந்து தனியாகச் சொல்லவில்லை, ஸ்வீடனும் செக் குடியரசும் கூட நின்றன என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். மறுபக்கம், இஸ்ரேலைத் தடை செய்யும் முயற்சியைத் தடுப்போம் என்று அமெரிக்க அரசு வெளிப்படையாகவே சொன்னது. 2026 உலகக் கோப்பையை நடத்தும் நாடுகளில் ஒன்று அது. யூரோவிஷனில் மறுப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. இஸ்ரேல் இருந்தால் வரமாட்டோம் என்று ஸ்பெயின், அயர்லாந்து, நெதர்லாந்து, ஸ்லோவேனியா, ஐஸ்லாந்து ஆகியவை 2026 போட்டியிலிருந்து விலகின. இஸ்ரேலை நீக்கினால் ஜெர்மனி விலக வேண்டும் என்று அதன் சான்சலர் ஃப்ரீட்ரிஷ் மெர்ஸ் சொன்னார். ஐந்து பேரை இழப்பதா, ஜெர்மனியை இழப்பதா என்று கணக்குப் பார்த்தார்கள். கணக்கு முடிந்தது.

இதைப் படித்தால் கசக்கும். கசக்கத்தான் செய்கிறது. குண்டு விழுந்த இடத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கும், யார் ஆடலாம் என்பதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. நடுவில் நட்பு நாடுகள், ஒலிபரப்புப் பணம், போட்டி அட்டவணை எல்லாம் நிற்கின்றன.

சரி, இப்படி வெளியே நிறுத்துவதால் ஏதாவது பலன் உண்டா? உண்டு என்பவர்கள் எல்லோரும் கைகாட்டும் இடம் தென்னாப்பிரிக்கா. அது கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டிய கதை.

1948 முதல் அங்கே நிறவெறி அரசு. வெள்ளையர் தவிர வேறு யாரும் தேசிய அணியில் ஆட முடியாது. பேசில் டி'ஒலிவேரா கேப் டவுனில் பிறந்தவர், அந்த அரசின் கணக்கில் 'கலப்பினத்தவர்'. அங்கே வழியில்லாமல் இங்கிலாந்துக்குப் போய் அந்நாட்டு அணிக்கே ஆடினார். 1968 ஆகஸ்டில் ஓவல் மைதானத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ரன் எடுத்தார். அடுத்து இங்கிலாந்து அணி போக வேண்டியது தென்னாப்பிரிக்காவுக்கு. தேர்வாளர்கள் முதலில் அவரைச் சேர்க்கவில்லை. 158 அடித்தவரை ஏன் விட்டீர்கள் என்று நாடே கேட்டது. டாம் கார்ட்ரைட் காயத்தால் விலக, டி'ஒலிவேராவைச் சேர்த்தார்கள். தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஜான் ஃபோர்ஸ்டர் அந்த அணியை ஏற்க மறுத்தார். சுற்றுப்பயணம் ரத்தானது. 1970-இல் தென்னாப்பிரிக்கா இங்கிலாந்து வரவிருந்த பயணமும், மாணவர் போராட்டங்களுக்குப் பின் ரத்தானது. அந்த ஆண்டுதான் ஆஸ்திரேலியாவை 4-0 என்று நொறுக்கிய உச்சத்தில் இருந்தது தென்னாப்பிரிக்க அணி. பேரி ரிச்சர்ட்ஸ் என்ற மகத்தான தொடக்க ஆட்டக்காரரின் டெஸ்ட் வாழ்க்கை நான்கே போட்டிகளோடு முடிந்துபோனது.

ஒலிம்பிக் கமிட்டியும் 1964 டோக்கியோவுக்கு அழைக்காமல், 1968-க்கு அழைத்து, மற்ற நாடுகள் வரமாட்டோம் என்றதும் அழைப்பைத் திரும்பப் பெற்று, 1970-இல் ஒருவழியாக வெளியேற்றியது. இங்கேயும் எதிரே நின்றவர்களின் மறுப்புதான் முதலில் வந்தது. விதி பின்னால் வந்தது. 1974-இல் இந்தியா டேவிஸ் கோப்பை இறுதிக்குப் போனது. எதிரே தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது, கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போனது. இன்றுவரை இந்தியா டேவிஸ் கோப்பையை வென்றதில்லை. 1976-இல் நியூசிலாந்து ரக்பி அணி தென்னாப்பிரிக்காவுக்குப் போய் ஆடியதால், நியூசிலாந்தை அனுமதித்த மான்ட்ரியல் ஒலிம்பிக்கை ஆப்பிரிக்க நாடுகள் 20-க்கும் மேல் புறக்கணித்தன. ரக்பி அப்போது ஒலிம்பிக்கில் இல்லவே இல்லை என்பது வேறு விஷயம்.

ஓட்டைகளும் இருந்தன. பணம் கொடுத்து வெளிநாட்டு வீரர்களை ரகசியமாக வரவழைத்தார்கள். 1982-இல் இலங்கையின் முதல் டெஸ்ட் கேப்டன் பந்துல வர்ணபுர தலைமையில் ஓர் அணி போய்வந்தது. திரும்பியவர்களுக்கு 25 ஆண்டுத் தடை. 1983-இல் போன மேற்கிந்தியத் தீவுகள் வீரர்களுக்கு ஆயுள் தடை. ஊரில் அவர்கள் முகத்தில் விழிக்கக்கூடப் பலர் விரும்பவில்லை.

இது ஏன் வேலை செய்தது, 1980 மாஸ்கோ ஏன் வேலை செய்யவில்லை? தென்னாப்பிரிக்காவில் கோரிக்கை விளையாட்டுக்குள்ளேயே இருந்தது. அணித் தேர்விலேயே நிறவெறி இருந்ததால், 'விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்' என்ற வாதம் எடுபடவில்லை. 'இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது' என்பதே உள்நாட்டுப் போராளிகளின் முழக்கம். அடுத்தது, புறக்கணிப்பை வெளியாட்கள் மட்டும் கேட்கவில்லை, ஒடுக்கப்பட்டவர்களே கேட்டார்கள். மூன்றாவதாக, கிரிக்கெட்டும் ரக்பியும் அந்த வெள்ளையர்களுக்கு உயிர். வலிக்கும் இடத்தில் பட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் விடாமலும் பட்டது. ஆப்கானிஸ்தான் படையெடுப்புக்கும் மாஸ்கோவின் ஓட்டப் பந்தயத்துக்கும் அப்படி எந்த உறவும் இல்லை.

விளையாட்டுத் தடைதான் நிறவெறியை வீழ்த்தியது என்று சொன்னால் அது பொய். உள்நாட்டுப் போராட்டம், பொருளாதாரத் தடைகள், பனிப்போரின் முடிவு எல்லாம் சேர்ந்தே வீழ்த்தின. ஆனால் 1992 மார்ச்சைப் பாருங்கள். சீர்திருத்தம் தொடரலாமா என்று வெள்ளையர்களிடம் பொது வாக்கெடுப்பு. அதே நேரத்தில் தென்னாப்பிரிக்கா ஆஸ்திரேலியாவில் தன் முதல் உலகக் கோப்பை கிரிக்கெட்டை ஆடிக்கொண்டிருந்தது. 'வேண்டாம்' வென்றால் மறுபடி தனிமைதான் என்று வாக்காளர்களுக்குத் தெரியும். 68 சதவீதத்துக்கும் மேல் 'ஆம்' என்றார்கள்.

நம் பக்கத்து வீட்டுத் தகராறுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சில விஷயங்கள் விளங்கும். இந்தியாவும் பாகிஸ்தானும் இருதரப்புக் கிரிக்கெட் தொடர் ஆடியது கடைசியாக 2012-13-இல். 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதல், மே மாதத்தில் ராணுவ மோதல். ஆகஸ்டில் இந்திய விளையாட்டு அமைச்சகம் கொள்கையை எழுத்தில் வைத்தது: இருதரப்புப் போட்டி கிடையாது, பல நாடுகள் ஆடும் தொடரில் ஆடலாம். செப்டம்பர் ஆசியக் கோப்பையில் துபாயில் மூன்று முறை மோதினார்கள், கைகுலுக்கவில்லை. இறுதியில் வென்ற இந்திய அணி, பாகிஸ்தான் உள்துறை அமைச்சருமான ஆசியக் கிரிக்கெட் கவுன்சில் தலைவர் மொஹ்சின் நக்வியிடமிருந்து கோப்பையை வாங்க மறுத்தது. 'ஆடுவதற்கு மட்டும் வலிக்காது, கைகொடுக்க மட்டும் வலிக்குமா?' என்று கிண்டல் செய்தவர்கள் ஏராளம். கிண்டலில் நியாயம் இருக்கிறது. ஆனால் 2019-இல் ஒலிம்பிக் கமிட்டி காட்டிய பிரம்பையும், 2036 ஒலிம்பிக்கை நடத்த இந்தியா ஆசைப்படுவதையும், இந்தியா-பாகிஸ்தான் போட்டியை நம்பியே விற்கப்படும் ஒலிபரப்பு உரிமைகளையும் சேர்த்துப் பார்த்தால், அரைப் புறக்கணிப்பு எங்கிருந்து வந்தது என்று புரியும்.

இதிலெல்லாம் அடி வாங்குவது வீரர்கள். 2022-இல் விம்பிள்டன் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களைச் சேர்க்கவில்லை. பெண்கள் பட்டத்தை வென்ற எலெனா ரைபாகினா மாஸ்கோவில் பிறந்தவர். சில ஆண்டுகளுக்கு முன்பே கஜகஸ்தானுக்கு மாறியிருந்ததால் ஆட முடிந்தது. யார் தடைக்குள், யார் வெளியே என்பது சில சமயம் கையில் இருக்கும் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது.

2023 ஜூலையில் மிலானில் நடந்த வாள்வீச்சு உலகப் போட்டி இன்னும் கூர்மையான காட்சி. உக்ரைனின் ஓல்கா கார்லான், நடுநிலை வீராங்கனையாக வந்த ரஷ்யாவின் அன்னா ஸ்மிர்னோவாவை 15-7 என்று வென்றார். எதிராளி கைநீட்டி வர, கார்லான் கைக்குப் பதிலாகத் தன் வாளை நீட்டினார், கோவிட் காலத்தில் வாளைத் தட்டிக்கொண்டதைப்போல. ஸ்மிர்னோவா களத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கைகுலுக்க வேண்டும் என்பது விதி, வென்றவர் தகுதியிழந்தார். பெரிய கூச்சல் எழுந்தது. ஒலிம்பிக் கமிட்டித் தலைவர் தாமஸ் பாக், அவரும் வாள்வீச்சில் ஒலிம்பிக் தங்கம் வென்றவர்தான், தேவைப்பட்டால் பாரிஸில் தனி இடம் தருவதாகக் கார்லானுக்குக் கடிதம் எழுதினார். விதியும் தளர்த்தப்பட்டது. பாரிஸில் கார்லான் தனிநபர் வெண்கலமும் அணித் தங்கமும் வென்றார்.

'நடுநிலை வீரர்' என்றால் என்ன? நாட்டுக்குத் தடை, ஆளுக்குத் தடை இல்லை என்ற ஏற்பாடு. கொடி கிடையாது, கீதம் கிடையாது, குழு விளையாட்டு கிடையாது. போரை வெளிப்படையாக ஆதரித்தவர்களுக்கும் ராணுவத்தோடு ஒப்பந்தம் உள்ளவர்களுக்கும் இடமில்லை. 2024 பாரிஸில் இப்படி ஆடிய ரஷ்யர்கள் 15 பேர். டோக்கியோவிலும் பெய்ஜிங்கிலும் ரஷ்யர்கள் கொடியில்லாமல் ஆடியது ஊக்கமருந்து விவகாரத்துக்காக. அதையும் இதையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டியையே நிறுத்திவைத்ததும் 2023 அக்டோபரில்தான். டோனெட்ஸ்க், கெர்சன் போன்ற ஆக்கிரமித்த உக்ரைன் பகுதிகளின் விளையாட்டுச் சங்கங்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது என்பது சொல்லப்பட்ட காரணம். போருக்காகத் தண்டிக்க விதி இல்லாதபோது, விதிக்குள் அடங்கும் ஒரு குற்றத்தைக் கண்டுபிடித்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தடை போடுவதைவிட எடுப்பது சிக்கல். தென்னாப்பிரிக்காவுக்கு நிபந்தனை தெளிவாக இருந்தது. நிறவெறிச் சட்டங்கள் போகத் தொடங்கியதும் 1991 நவம்பரில் கொல்கத்தா ஈடன் கார்டனில் மறுபடி சர்வதேசக் கிரிக்கெட்டுக்குள் வந்தது. ரஷ்யா விஷயத்தில் போர் முடியாமலே தடைகள் ஒவ்வொன்றாகத் தளர ஆரம்பித்தன. 2025 செப்டம்பரில் சியோலில் கூடிய பாராலிம்பிக் கமிட்டியின் உறுப்பினர்கள் வாக்களித்து ரஷ்யா, பெலாரஸ் மீதான இடைநீக்கத்தை எடுத்தார்கள். அதே ஆண்டு ஜூடோவில் ரஷ்யர்கள் சொந்தக் கொடியோடு திரும்பினார்கள்.

கால்பந்தில் அதற்கு முன்பே ஒருமுறை முயன்றுபார்த்தார்கள். 2023 செப்டம்பரில், சிறுவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று சொல்லி, 17 வயதுக்குட்பட்ட ரஷ்ய அணிகளைத் திரும்ப அனுமதிப்பதாக யூஃபா அறிவித்தது. போலந்து, இங்கிலாந்து, ஸ்வீடன் என வரிசையாக ஒவ்வொரு சங்கமும் 'எங்கள் பிள்ளைகள் அவர்களோடு ஆட மாட்டார்கள்' என்று சொல்லிவிட்டது. இரண்டு வாரத்தில், நடைமுறையில் சாத்தியமில்லை என்று கூறி யூஃபா அந்த யோசனையைக் கைவிட்டது.